உன் அப்பாவின் கையை உடைத்தது யார்

அன்பு மகள் சுண்டெலிக்கு,

சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம். இருவருக்கும் சேர்த்து மூன்று நல்ல கைகளும் நாற்பத்தொன்பது பற்களும் இருக்கின்றன, மீதி எல்லாம் அது அது இருக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. நீயும் அங்கே சகல உறுப்புகளோடும் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடலாம் என்று உனக்குத் தோன்றியிருக்கும். கிழிக்காதே. போன வாரம் நீ ஃபோனில் உன் அப்பாவிடம், அந்த ஆளுகிட்ட நான் பேச மாட்டேன், இருபதாம் தேதி நான் வரேன், உங்களைக் கூட்டிட்டுப் போறேன், பெட்டியைக் கட்டி வைங்க என்று சொன்னது, மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எனக்கே கேட்டது. அவர் காது மந்தம் என்று ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறார், தெருவுக்கே தெரியும் உன் தீர்ப்பு. சித்தப்பாவாக இருந்த நான் அந்த ஆளாக இறங்கிவிட்டேன். பரவாயில்லை, நாற்பது வருடம் கட்டிடம் இடித்தவன், இடியவும் எனக்குத் தெரியும். ஆனால் இடிக்கும் முன் உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று ஒரு குரல் கொடுப்பது எங்கள் தொழில் வழக்கம். அந்தக் குரல்தான் இந்தக் கடிதம்.

குற்றங்களை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன், அப்போதுதான் ஒப்புக்கொள்ளாத ஒன்றை நீ நம்புவாய். போன வருடம் குளியலறைக் கதவைப் பெயர்த்து உன் அப்பா மேல் போட்டது நான். பதிலுக்கு அவர் ஸ்டூலால் அடித்து என் இரண்டு பற்களை வாங்கிக்கொண்டார், அவர் புருவத்தில் மூன்று தையல், அதன் பிறகுதான் நீ அந்தச் சட்டம் போட்டாய்: இன்னொரு தடவை உங்க ரெண்டு பேருல ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குப் போனா, அன்னிக்கே அப்பா என்கிட்ட வந்துடணும். உன் அம்மா இருந்தவரை எங்கள் நடுவில் கரண்டியோடு நின்று இரண்டு நாடுகளையும் தனித்தனியாக வைத்திருந்தாள். அவள் போன பிறகு எல்லையில் காவல் இல்லை. நீ சட்டம் போட்ட அன்றே நாங்கள் உட்கார்ந்து பேசி விதிகளை எழுதிக் குளிர்பெட்டியின் மேல் ஒட்டினோம். முகத்தில் அடிக்கக் கூடாது. கையில் கருவி இருக்கக் கூடாது. ஜன்னல் சாத்தியிருக்க வேண்டும். ரத்தம் வந்தால் ஆட்டம் முடிந்தது. சாப்பிடும்போது போர்நிறுத்தம். அடிக்கும்போதுகூட நான் அவரை அண்ணே என்றுதான் சொல்லுவேன், அவரும் டேய் தம்பி என்றுதான் கழுத்தைப் பிடிப்பார், மரியாதையில் இந்த வீட்டில் ஒரு குறையும் வந்ததில்லை. இப்படிப் பதினோரு மாதம் ஒரு பேண்டேஜ்கூட வாங்காமல் ஓட்டினோம் மகளே. எந்த நாட்டு ராணுவமும் இவ்வளவு ஒழுங்காகச் சண்டை போட்டிருக்காது.

அப்போதுதான் உன் பெட்டி வந்தது. நாலு கைக்கும் வேலை குடுத்தா அடிச்சுக்க நேரம் இருக்காது என்று நீ எழுதியிருந்தாய். நீ அங்கே விடுமுறை நாளில் உன் ஆபீஸ் கூட்டாளிகளோடு பறக்கவிடுகிறாயே அதே ரகம், ராக்கெட் போல ஏறி கிளைடர் போல இறங்குவது, ரிமோட்டில் திருப்புவது. திறந்து பார்த்தால் காகிதத்தைவிடக் கொஞ்சம் தடித்த பால்சா மரத் தகடுகள். ஒன்றை எடுத்து ஊதினேன், மேசையைத் தாண்டிப் போய் உன் அப்பா மடியில் விழுந்தது. நான் பன்னிரண்டு மாடிகளை ஒரே மூச்சில் படுக்க வைத்தவன், சர்க்கரை ஆலையின் புகைபோக்கியைச் சம்மட்டியால் மண்டியிட வைத்தவன், என்னிடம் தும்மினால் உடைகிற மரத்தைக் கொடுத்துக் கட்டு என்கிறாய். ஒரு எருமையைப் பூத்தொடுக்க உட்கார வைத்தது மாதிரி இருந்தது. முதல் நாளே ஆறு உறுப்புகளை முறித்தேன். ஒவ்வொரு முறிவுக்கும் உன் அப்பா முதுகில் ஒன்று வைத்தார். ஆறாவது அடிக்கு நான் திரும்பி அவர் வயிற்றில் தலையால் முட்டினேன். ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

பசை நாளைப் பற்றி நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய். அந்த உடனடிப் பசை பார்ப்பதற்குத் தண்ணீர் மாதிரி அப்பாவியாக இருக்கிறது, ஆனால் மனிதத் தோலைக் கண்டால் அதற்கு வெறி. இறக்கையின் நடு விலா எலும்பை அவர் பிடித்திருக்க, நான் ஒரு சொட்டு விட வேண்டும் என்பது திட்டம். நான் ஒரு சொட்டு விட்டேன், புட்டி ஒன்பது சொட்டு விட்டது. அவருடைய வலது கட்டை விரலும் என்னுடைய இடது உள்ளங்கையும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன, நடுவில் விலா எலும்பு. பிடுங்காதடா, தோல் வந்துடும் என்று அவர் கத்த, நீங்கதான் பிடுங்குறீங்க அண்ணே என்று நான் கத்த, மீதம் இருந்த ஆளுக்கொரு கையால் நாங்கள் போட்ட சண்டை இருக்கிறதே, பதினெட்டு நாள் யுத்தத்தைப் பதினெட்டு நிமிடத்தில் சுருக்கிக் காட்டினோம். ஓட முடியாது, ஒதுங்க முடியாது, பின்வாங்க முடியாது. அவர் என் காதைத் திருகினார், நான் அவர் விலாவில் குத்தினேன், ஒரு சுற்று முடிந்ததும் இருவரும் மூச்சு வாங்க ஒரே நாற்காலியில் பாதிப் பாதியாக உட்கார்ந்தோம், பிறகு அடுத்த சுற்று. கடைசியில் வெந்நீரில் சோப்பு போட்டு முக்கால் மணி நேரம் கைகளை ஊறவைத்துப் பிரித்தோம். என் உள்ளங்கையில் அவர் கட்டை விரல் ரேகை ஒரு வாரம் இருந்தது. அன்று கவிழ்ந்த பசை உன் செய்முறைப் புத்தகத்தின் மேலும் கொஞ்சம் ஓடியது. இந்த விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

இப்படியே ஏழு வாரம். இடது இறக்கையின் மேல் நான் உட்கார்ந்துவிட்டேன். தெரியாமல்தான். உன் அப்பா ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வீசினார், அது என் காதுக்கு நாலு விரல் தள்ளிப் போய்க் கதவில் குத்தி நின்று நடுங்கியது. கருவி கூடாது என்ற விதியை மீறியது அவர்தான் என்பதைத் தனியாகக் குறித்துக்கொள். அவருக்கே பயம் வந்துவிட்டது போல. வெளியே போடா, மிச்சத்தை நானே பாத்துக்கறேன், உன் கை பட்டா மலையே மண்ணாப் போகும் என்று என்னை அறையை விட்டுத் தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டார். இறக்கையின் பின் ஓரத்தில் ஆடுகிற இரண்டு மடல்கள் இருக்கின்றனவே, ரிமோட்டின் பேச்சைக் கேட்டு மடலை ஆட்டுகிற கம்பியை மாட்ட, ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கொம்பு ஒட்டும் வேலை அப்போதுதான் நடந்தது. மூன்று நாள் தனியாக உட்கார்ந்து செய்தார். நான் உள்ளே இல்லை. இதையும் ஞாபகத்தில் வை.

வெளியே வந்தபோது பொருள் அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. இறக்கை இரண்டு முழம், வயிறு மெலிந்தது, மூக்கு கூர்மை. ஆனால் வால் கனம். முறித்ததை எல்லாம் நான் பசையாலேயே கட்டியிருந்தேன் அல்லவா, பின்பக்கம் மரத்தைவிடப் பசை அதிகம். விரல் நுனியில் வைத்தால் குடிகாரன் மாதிரிப் பின்னால் சாய்ந்தது. மூக்கில் களிமண் வைத்துச் சரிக்கட்டு என்கிறது படம். களிமண் எத்தனை வைத்தாலும் பத்தவில்லை. அப்போதுதான் நான் சர்க்கரை ஆலை இடித்தபோது ஞாபகத்துக்கு எடுத்து வந்த இரும்பு போல்ட் இருந்ததே, உன் அப்பாவின் பெருவிரல் தடிமன், அதை மூக்குக்குள் திணித்தேன். தராசு மாதிரி நின்றது. பொம்மை வேலை முடிந்தது, இனிமேல் இது ஆயுதம் என்று நான் பெருமையாகச் சொன்னேன். என் வாயில் கொள்ளி வைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆலை மைதானத்துக்குப் போனோம். நான் இடித்துச் சமமாக்கிய மைதானம், ஒரு செங்கல்கூட நிற்காது, வானம் தரை வரைக்கும் இறங்கியிருக்கும். ஏவுகிற பொத்தான் எனக்கு, ரிமோட் அவருக்கு. அதில் மட்டும் தகராறே இல்லை. முப்பத்தோரு வருடம் ஆற்றில் அக்கரைப் படகுக்குச் சுக்கான் பிடித்தவர், வெள்ளத்திலும் புயலிலும் ஒரு நாள்கூடப் படகைத் துறையில் இடித்ததில்லை, ஒரு ஆள் கால் நனைந்ததில்லை, ஊரில் இன்றைக்கும் அவருக்குப் பெயரே சுக்கான்காரர்தான். அவர் இருக்கும்போது வேறு யார் பிடிப்பது. செருப்பைக் கழற்றிவிட்டு, காலை அகட்டி, படகில் நிற்பது போலவே நின்றார். நான் பொத்தானை அழுத்தினேன். சுண்டெலி, அந்தச் சத்தம்! நான் வெடிவைத்துத் தகர்த்த பாலங்கள் எல்லாம் அதற்கு முன் கொட்டாவி. புகையும் நெருப்பும் சீறி, சாய்த்து நிறுத்தியிருந்த ஏவுகம்பியை உதறிவிட்டு, வானத்தின் வயிற்றில் கத்தியைச் செருகினது மாதிரி ஏறியது. போல்ட்டின் புண்ணியத்தில் பெட்டியில் போட்டிருந்த உயரத்தில் பாதிதான் போனது, ஆனாலும் நான் பார்த்தபோது சூரியனைக் கொஞ்சம் நகர்ந்து நிற்கச் சொன்ன மாதிரிதான் இருந்தது. நெருப்பு தீர்ந்தது, ஒரு நொடி அப்படியே நின்றது, பிறகு இறக்கையை விரித்துச் சத்தமே இல்லாமல் மிதக்க ஆரம்பித்தது. உன் அப்பா ரிமோட்டின் குச்சியை இந்தப் பக்கம் தள்ளினார், அது திரும்பியது. அந்தப் பக்கம் தள்ளினார், வட்டம் அடித்தது. முதல் தடவையாகப் பிடிக்கிறவர் மாதிரியே இல்லை, பிறந்ததிலிருந்து அதிலேயே இருந்தவர் மாதிரி இருந்தது. டேய் தம்பி, ஆறுடா, மேல இருக்கறதும் ஆறுதான்டா என்றார். உன் அம்மா போன பிறகு அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மூன்றாவது வட்டத்தில் அது தாழ்ந்து எங்களை நோக்கி வந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் கொண்டு போக வேண்டும், அதற்காக அவர் குச்சியைத் தன் பக்கம் இழுத்தார். இழுத்தால் மூக்கு மேலே எழ வேண்டும். எழவில்லை, குனிந்தது. இன்னும் இழுத்தார், இன்னும் குனிந்தது. ஏறு, ஏறு சனியனே என்று கத்திக்கொண்டே குச்சியை முறிகிற வரைக்கும் இழுத்தார், அது வெறிபிடித்த பருந்து மாதிரி என் மூஞ்சியைக் குறிவைத்துப் பாய்ந்தது. நான் ஓடவில்லை. தைரியம் இல்லை மகளே, கால் வரவில்லை. கட்டிடம் என் பக்கம் சாயும்போது ஓடத் தெரிந்த கால்கள் அவை, அன்றைக்குக் கல்லாகிவிட்டன. உன் அப்பா ரிமோட்டை எறிந்துவிட்டு என் மேல் பாய்ந்தார், பாய்ந்தபோதே வலது கையை என் முகத்துக்கு முன்னால் நீட்டினார். டொக்கென்று ஒரு சத்தம். காய்ந்த கிளையை முழங்காலில் வைத்து முறிப்பாயே, அந்தச் சத்தம். ஆலையின் போல்ட் முன்கையில் இறங்கி, மீதியெல்லாம் எங்கள் இருவர் மேலும் தூளாகிப் பறந்தது. இருவரும் விழுந்தோம், நான் கீழே, அவர் மேலே. அவர் கை, கை போக வேண்டிய திசையில் இல்லை. வெள்ளை எலும்பு முனை தோலைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது, ரத்தம் என் சட்டை, என் கழுத்து, என் வாய்க்குள்கூட. இவ்வளவு ரத்தத்திலும் அவர் கேட்ட முதல் கேள்வி, உனக்கு ஒண்ணும் ஆகலையேடா என்பது. ஆகவில்லை என்றேன். அப்படியா என்று இடது கையால் என் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார், ஓட வேண்டியதுதானேடா எருமை என்று. முகத்தில் அடிக்கக் கூடாது என்ற விதியை நான் அப்போது நினைவூட்டவில்லை.

என் சட்டையைக் கிழித்துக் கட்டி, கையை ஏவுகம்பி நட்டிருந்த பலகை மேல் வைத்து, ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். எலும்பு டாக்டர் உன் வயதுப் பெண், கண்ணைப் பார்த்துப் பேசுகிறவள். எப்படி ஆச்சு என்று கேட்டாள். இருந்த இருப்பில் ஒரு காவியமே பாடலாம் என்று நான் தொண்டையைக் கனைத்தேன். அதற்குள் உன் அப்பா, தம்பி கட்டையால அடிச்சுட்டான் என்றார். எனக்குக் கேட்டது சரிதானா என்று நான் சுற்றிப் பார்த்தேன். அப்போதுதான் அந்த அறையைக் கவனித்தேன். நடுவில் ஒரு திரைதான், அந்தப் பக்கம் பெஞ்சு நிறைய ஆட்கள், பாதிப் பேர் பழைய படகில் தினம் போய் வந்தவர்கள். சுக்கான்காரரே, என்னாச்சு சுக்கான்காரரே என்று வாசலிலிருந்தே கூட வந்தவர்கள். அவர்கள் காதில் விழும்படி இன்னொரு தடவையும் சொன்னார், அவன்தான் அடிச்சான், குடும்ப விஷயம், விட்டுடுங்க என்று. டாக்டர் பெண் என்னைப் பார்த்த பார்வையில் நான் இடித்த எல்லாக் கட்டிடமும் என் தலையில் விழுந்தது. ஆஸ்பத்திரிக் காவலர் வந்து என் பெயர், தொழில் எல்லாம் எழுதிக்கொண்டார். தொழில் இடிப்பது என்றேன், அவரும் ஆமாம் என்பது போல் தலையாட்டினார். எதிர்வீட்டுப் பல் டாக்டர் உனக்கு ஃபோன் போட்டது அன்று மத்தியானம்தான், என் இரண்டு பற்களைப் பார்த்த நாளிலிருந்தே அவருக்கு எங்கள் மேல் ஒரு தொழில்முறை அக்கறை. பிறகு நீயே உன் அப்பாவிடம் கேட்டாய், ஆமாம்மா, உன் சித்தப்பன்தான் என்று அவரும் சொல்லிவிட்டார்.

எனக்குக் கோபம் வந்ததா என்றால், வந்தது. அன்று மாலையே சண்டைக்குக் கூப்பிடலாம் என்று அறைக்குப் போனேன், அடிபட்டவரை எப்படி அடிப்பது என்று திரும்பிவிட்டேன். பிறகு நொறுங்கிப் போனதைச் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்து மாடியில் கொட்டி, கட்டிடம் ஏன் விழுந்தது என்று பார்ப்பது போல ஒவ்வொரு துண்டாகப் பார்த்தேன். மடல்கள் இரண்டும் தப்பித்திருந்தன. கொம்பு மடலுக்கு மேல்பக்கம் இருந்தது. பெட்டியின் மூடியில் இருக்கும் படத்தில் கீழ்ப்பக்கம். பசையில் ஒட்டிப்போன புத்தகப் பக்கங்களை பிளேடால் பிரித்தேன், இருபத்திரண்டும் இருபத்துமூன்றும். ஒரு சிவப்புக் கை படம் போட்டுக் கொட்டை எழுத்தில் இருக்கிறது: ஏவும் முன் குச்சியை உன் பக்கம் இழு, மடல்கள் மேலே எழ வேண்டும், எழாவிட்டால் ஏவாதே. நாங்கள் படிக்காத ஒரே பக்கம். கொட்டியது என் பசை.

ஏன் மேல்பக்கம் ஒட்டினார் என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. படகின் சுக்கான் கட்டையை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும், முப்பத்தோரு வருடம் அந்தக் கைக்கு அதுதான் பழக்கம். கைக்குத் தகுந்த மாதிரி கொம்பைத் தலைகீழாக மாற்றி ஒட்டியிருக்கிறார், திரும்புவது சரியாகத்தான் வந்தது, அதனால்தான் அப்படி ஆறு மாதிரி ஓட்டினார். ஆனால் திருப்புகிறதும் அதே மடல்தான், ஏற்றுகிறதும் அதே மடல்தான். இடது வலது மாறினால் மேலும் கீழும் சேர்ந்தே மாறும். படகுக்கு ஏது மகளே மேலே கீழே. ஆற்றில் இருந்தவருக்கு அது எப்படித் தோன்றும். அன்றைக்கு மறுநாள் நான் மாடிக்கு ஏறினால், உன் அப்பா எனக்கு முன்னால் அங்கே இருந்தார். மாவுக்கட்டுக் கையை மடியில் போட்டுக்கொண்டு, ரிமோட்டையும் பேட்டரியையும் கொண்டு வந்து வைத்துக்கொண்டு, இடது கையால் குச்சியை இழுத்தார். உடைந்த துண்டில் மடல் கீழே போனது. விட்டார். மறுபடி இழுத்தார். கீழே போனது. ஒரு இருபது தடவை இருக்கும். நான் படியிலேயே நின்றுவிட்டேன். அந்த முகத்தை நான் பார்த்தது அவருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. எத்தனையோ பேர் முகத்தில் நான் குத்தியிருக்கிறேன், ஒரு முகத்திலும் அவ்வளவு பெரிய அடி விழுந்து பார்த்ததில்லை. சத்தம் போடாமல் இறங்கி வந்துவிட்டேன். நான் சத்தம் போடாமல் செய்த வேலை இந்த ஜென்மத்தில் அது ஒன்றுதான்.

ஆக உன் கேள்விக்குப் பதில் இதுதான். கையை உடைத்தது என் போல்ட், என் பசை, அவர் கொம்பு. கட்டை என்று ஒன்று கிடையாது. என் மூஞ்சிக்கு வந்ததை அவர் கையில் வாங்கினார், அவ்வளவுதான். நீ வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனால், என்னைக் காப்பாற்றிய குற்றத்துக்கு அவருக்கு நாடுகடத்தல், எனக்கு இந்த வீடு. மூன்று அறை, ஒரு ஆள். நான் யாரை அடிப்பேன்? எனக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை நீதான், நீ அங்கே. அவருக்கு மட்டும் என்ன, அங்கே உன் பதினாலாவது மாடியில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகக் கார்களை எண்ணிக்கொண்டிருப்பார், டேய் என்று கூப்பிட ஒரு ஆள் இருக்காது. நீ பெட்டியைக் கட்டச் சொன்னாய் அல்லவா, பெட்டியைக் கட்டிலின் மேல் திறந்து வைத்திருக்கிறார், ஐந்து நாளாக அதற்குள் ஒரு துண்டுதான் இருக்கிறது. நேற்றுக் கேட்டேன், என்னண்ணே, கட்டலியா என்று. ஒரு கையால எப்படிடா கட்டறது என்றார். நான் கட்டித் தரவா என்றேன். மாவுக்கட்டைத் தூக்கிக் கதாயுதம் மாதிரி என் தோளில் ஒன்று போட்டார். இன்னும் நீலமாக இருக்கிறது. அதை நான் பதிலாகவே எடுத்துக்கொண்டேன்.

ஆனால் ஒரு சிக்கல். இதையெல்லாம் நீ அவரிடம் கேட்டுவிட்டாய் என்றால் நான் தப்பித்தேன், அவர் செத்தார். முப்பத்தோரு வருடம் துறையில் இடிக்காத சுக்கான்காரர், கடைசியில் தன் கையாலேயே தன் கையில் இடித்தார் என்று ஊர் சிரிக்கும். ஊர் சிரித்தால்கூடப் பரவாயில்லை, நீ சிரிக்காமல் பாவமாகப் பார்ப்பாய், அதை அவர் தாங்க மாட்டார். அதனால் எனக்கு விடுதலை வேண்டாம். அவர் சொன்னதையே நீ நம்பு. நான்தான் கட்டையால் அடித்தேன். இருபதாம் தேதி வா, பல்லைக் கடித்துக்கொண்டு வா, வாசலிலேயே என் சட்டையைப் பிடி, எதிர்வீட்டுப் பல் டாக்டர் ஜன்னலுக்கு வரும் வரைக்கும் கத்து, இரண்டு அறைகூட விடு, நான் குனிந்து காட்டுகிறேன். பிறகு உன் தீர்ப்பை மட்டும் கொஞ்சம் மாற்றி எழுது. அப்பாவின் கை உடைந்ததற்கு அந்த ஆளுக்குத் தண்டனை: மாவுக்கட்டு பிரிக்கும் வரையில், பிரித்த பிறகும், இரண்டு பேரில் ஒருவர் இருக்கும் வரையில், அந்த ஆள் இதே வீட்டில் இதே அண்ணனுக்குச் சேவகம் செய்து கிடக்க வேண்டும். தப்பி ஓடக் கூடாது. அவரையும் வேறு எங்கும் கொண்டு போகக் கூடாது, கொண்டு போனால் நான் எப்படித் தண்டனை அனுபவிப்பது. ஆயுள் தண்டனை, சுண்டெலி. மேல்முறையீடு செய்ய மாட்டேன்.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, நான் சரிசெய்தேன், இப்போது பீறிடுகிறது. குளியலறைக்குப் புதுக் கதவு மாட்டியாகிவிட்டது, பிளாஸ்டிக், பெயர்த்தாலும் கனம் இருக்காது. நீ நேரத்துக்குச் சாப்பிடு, கம்ப்யூட்டர் முன்னால் கூனிக் குறுகி உட்காராதே, முதுகெலும்பு ஒன்றுதான் கொடுத்திருக்கிறார்கள். மழையில் தலை நனைந்தால் உடனே துவட்டு. அங்கே யாராவது உன்னிடம் வாலாட்டினால் பெயரையும் முகவரியையும் மட்டும் அனுப்பு, மூன்று கைகளோடு வருகிறோம். வரும்போது மறக்காமல் இன்னொரு பெட்டி கிளைடர் கொண்டு வா, பசை மட்டும் வேண்டாம், இருக்கிறது. கொம்பு ஒட்டும் நாளில் நீ எதேச்சையாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்து, அப்பா, எனக்கு ஒட்டிப் பழகணும், நான் ஒட்டட்டுமா என்று கேள். அவருக்கே தெரியாமல் கீழ்ப்பக்கம் போய்விடும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிடு, எரிக்க அங்கே இடம் இல்லையென்றால் தின்றுவிடு.

நீண்ட ஆயுளும் கெட்டியான எலும்பும் குறையாத வாயும் உனக்கு அமையட்டும், உன் பேரைச் சொன்னாலே எதிரிகள் வழிவிடட்டும் என்று வாழ்த்துகிறேன். கீழே உன் அப்பா கத்துகிறார், டேய் எருமை, எத்தனை நேரம்டா, பொத்தான் யாரு போடுவா என்று. ஒரு கையால் சட்டைப் பொத்தான் போட வராது அவருக்கு. காலையில் அந்த ஐந்து பொத்தான் போடும் நேரத்தில் மட்டும் நாங்கள் அடித்துக்கொள்வதில்லை, இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்போம். போட்டு முடித்ததும் தொடங்கிவிடுவோம். நான் இறங்குகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பாவின் கையை உடைத்தவன் என்றே அவர் வாயால் அறியப்பட விரும்பும்,
அந்த ஆள்,
உன் சித்தப்பா